கரையில் தங்கம் எங்கிருந்து வருகிறது? மணல் நகர்வும் மெட்டல் டிடெக்டரும்

2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில், அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே ஆந்திராவின் உப்பாடா கடற்கரையில் ஊர்மக்கள் திரண்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் குண்டுமணி அளவில் தங்கம் கிடைத்தது. கடல் தங்கத்தைக் கரையில் கொண்டுவந்து போடுகிறது என்று பேச்சுப் பரவியது. அன்றிலிருந்து ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அதே கேள்வி வருகிறது: ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு கரையில் நடந்தால் நமக்கும் ஏதாவது கிடைக்குமா?

இந்தப் பேச்சில் ஒரு விஷயம் தலைகீழாக இருக்கிறது. புயல் கடலுக்குள் இருந்து தங்கத்தை அள்ளி வந்து போடுவது அபூர்வம். அது பெரும்பாலும் செய்வது, ஏற்கெனவே கரையில் புதைந்துகிடந்ததன் மேலிருக்கும் மணலை எடுத்துக்கொண்டு போவதுதான். ஒரு கரையில் டிடெக்டர் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதில் கருவியின் விலையைவிட மணலின் நகர்வுக்கே பங்கு அதிகம்.

கருவிக்கு எவ்வளவு ஆழம் எட்டும்?

டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு ஒரு கம்பிச் சுருள். அதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது கீழே ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தம் பங்குக்கு ஒரு மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்கும். அது சுருளுக்குத் திரும்பி வருவதைத்தான் கருவி ஒலியாக்கித் தருகிறது.

போகும் புலமும் தூரத்தோடு வேகமாகக் குறைகிறது, திரும்பும் புலமும் அப்படியே குறைகிறது. இரண்டு குறைவும் ஒன்றோடொன்று பெருகும். 11 அங்குலச் சுருளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 செ.மீ. ஆழத்தில் ஒரு மோதிரம் தரும் சமிக்ஞையை 1 என்று வைத்தால், அதே மோதிரம் 25 செ.மீ. ஆழத்தில் சுமார் 0.4தான் தரும். 40 செ.மீ.க்குப் போனால் அது 27இல் ஒரு பங்கு. வெறும் ஐந்து செ.மீ. மணல் கூடுதலாக ஏறினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அதனால்தான் நல்ல கருவியே ஒரு நாணயத்தை ஏறக்குறைய 20 முதல் 30 செ.மீ. வரைதான் தெளிவாகக் காட்டும். ஆறடி ஆழம் பார்க்கும் என்று விளம்பரம் செய்வதெல்லாம் அண்டா, பீப்பாய் அளவுப் பொருள்களுக்கு ஒருவேளை பொருந்தலாம், மோதிரத்துக்குப் பொருந்தாது. ஆனால் கரையின் மணல்மட்டமோ ஒரே புயலில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும், சில மாதங்களில் மறுபடி ஏறும். கருவியின் கை ஒரு சாண் நீளம். கரை அசைவது அதைப்போல் பல மடங்கு.

மணல் எப்படியெல்லாம் நகர்கிறது?

1. கரைக்கும் கடலுக்கும் இடையே. பருவமழைக்கால உயர்ந்த அலைகள் கரையின் மணலைச் சுரண்டிக் கடலுக்குள் சற்றுத் தள்ளி மணல்திட்டாகக் குவிக்கின்றன. கடல் அடங்கிய மாதங்களில் நீண்ட, தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவருகின்றன. எடுப்பது ஓரிரவில் நடக்கும். திருப்பிக் கொடுக்க வாரங்கள், மாதங்கள் ஆகும்.

2. கரையோரமாக. அலை சாய்வாக வந்து மோதும்போது மணலும் சாய்வாக ஏறி, நேராக இறங்கும். இப்படியே கரையை ஒட்டி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். தமிழகக் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் போகும். சென்னைக் கரை மீனவர்கள் முதல் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் இரண்டாவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். ஆண்டு முழுதும் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சும். சென்னையில் அது ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர்.

3. இருந்த இடத்திலேயே மேலும் கீழும். அலை ஏறி இறங்கும் பட்டையில் மேல் மணல் ஒவ்வொரு அலைக்கும் கலங்கி, சில நொடிகள் குழம்பாக இருந்து, மறுபடி இறுகுகிறது. பார்வைக்குக் கரை மாறவே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் புதைந்திருக்கும் பொருளுக்கு இந்த மூன்றாவது அசைவுதான் முக்கியம்.

நிலமே உயர்வதும் தாழ்வதும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் போனது. ஆனால் இது எப்போதோ ஒருமுறை நடப்பது. அன்றாடத் தேடலைத் தீர்மானிப்பது மணல்தான்.

மோதிரம் ஏன் கீழே போகிறது?

உலர்ந்த மணலில் விழுந்த மோதிரம் தன் எடையால் தானாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. உலர்ந்த மணலின் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்த எடையைத் தாங்கிவிடும். ஆட்கள் மிதிப்பதாலும் காற்று மணலைக் கொண்டுவந்து மூடுவதாலும் சில அங்குலம் உள்ளே போகும், அவ்வளவுதான். கடை, ராட்டினம், குடும்பங்கள் உட்காரும் இடம் ஆகியவற்றைச் சுற்றித் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சாணுக்குள்ளேயே எல்லாம் அகப்பட்டுவிடுவது இதனால்தான். அகப்படுவதில் பெரும்பகுதி சோடா மூடி என்பது வேறு விஷயம்.

ஈரப் பட்டையில் கதை வேறு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.65 மடங்கு. நம் ஊர் நகையான 22 காரட் தங்கத்துக்கு ஏறக்குறைய 17.8. ஈயம் 11.3. பழைய செப்பு-நிக்கல் நாணயம் 8.9. அலுமினியம் 2.7. தண்ணீருக்குள் மூழ்கிய நிலையில் கடல்நீரின் பங்கைக் கழித்துவிட்டால், அதே பருமனுள்ள மணலைவிடத் தங்கம் பத்து மடங்கு கனம். ஒவ்வொரு அலைக்கும் மணல் குழம்பாகும் அந்தச் சில நொடிகளில் தங்கம் கொஞ்சம் இறங்கும். மணல் இறுகியதும் நிற்கும். அடுத்த அலைக்கு மறுபடி இறங்கும். போதாததற்கு, பொருளைச் சுற்றி ஓடும் நீர் அதன் அடியில் குழி பறித்து, அதை அந்தக் குழிக்குள்ளேயே உட்காரவைக்கும்.

எதுவரை? மணல் கலங்காத ஒரு கெட்டி அடுக்கு வரும்வரை. அது களிமண்ணாக இருக்கலாம், சிப்பி ஓடுகள் நெருங்கிய படுகையாக இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். அரிசி களையும்போது கல் பாத்திரத்தின் அடியில் தங்குவது போல, கனமானதெல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒரே இடத்தில் ஈயக்குண்டு, நாணயம், மோதிரம் என்று பல காலத்துப் பொருள்கள் ஒன்றாகக் கிடப்பது இதனால்தான். யாரும் பானையில் போட்டுப் புதைத்த புதையல் அல்ல. கடல் எடைபார்த்துப் பிரித்துவைத்த குவியல்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. அலுமினியத் துண்டின் அடர்த்தியும் மணலின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் அது மணலோடு மணலாகவே போய், மணல் சேரும் இடத்தில் சேரும். ஈயம் அப்படிப் போகாது. கரையின் ஒரு பகுதியில் கருவி காட்டுவதெல்லாம் அலுமினிய டின் மூடியின் வளையங்களாகவே இருந்தால், அங்கே புது மணல் ஏறியிருக்கிறது, அடியில் இருப்பது எட்டாது என்று அர்த்தம். வலையிலிருந்து அறுந்த ஈயக்குண்டுகள் அடுத்தடுத்து வந்தால், கனமான பொருள்கள் தங்கிய அடுக்கு அருகில் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் ஈயம் கிடைத்தால் சலித்துக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே மெதுவாகச் சுற்றுவார்கள்.

புயல் கரையை வெட்டும்போது

இந்த விஷயத்தில் உலகிலேயே அதிகம் பேசப்படும் கரை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. 1715 ஜூலை இறுதியில் ஹவானாவிலிருந்து வெள்ளியும் தங்கமும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பிய கப்பல் கூட்டம், 31ஆம் தேதி அடித்த சூறாவளியில் இந்தக் கரைக்கு அருகே சிதறியது. 11 கப்பல்கள் போயின. ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்தக் கரைக்கு இன்று வழங்கும் பெயரே புதையல் கரை.

1950களில் கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், ராணுவம் கழித்துவிட்ட ஒரு டிடெக்டருடன் இங்கே தேடினார். புயலுக்குப் பிறகு கரையில் கறுத்த வெள்ளி நாணயங்கள் கிடைப்பதை அவர் கவனித்தார். அவற்றில் ஒன்றுகூட 1715க்குப் பிந்தைய ஆண்டைத் தாங்கவில்லை. கரையில் நாணயம் கிடைக்கும் இடங்களுக்கு எதிரேதான் கப்பல் கிடக்க வேண்டும் என்று அதிலிருந்து ஊகித்தார். அது சரியாகவே இருந்தது.

நாணயங்கள் கரைக்கு வந்தது இன்றைய புயலில் அல்ல. பல பழைய புயல்கள் அவற்றை மேலே ஏற்றியிருக்கின்றன. பிறகு வந்த மணல் மூடிவிட்டது. இன்றைய புயல் மணல்மேட்டின் அடியைச் செங்குத்தாக வெட்டும்போது அந்தப் பழைய அடுக்கு வெளியே தெரிகிறது. ஆகவே அங்கே தேடுகிறவர்கள் கேட்பது புயல் எவ்வளவு பெரியது என்றல்ல. கரை வெட்டுப்பட்டதா, எவ்வளவு உயரத்துக்கு என்பதுதான் அவர்கள் கேள்வி. பெரிய புயலே அடித்தாலும் அலையின் கோணம் மாறினால் ஒரு கரையில் மணல் ஏறிவிடும். அங்கே போய்ப் பிரயோஜனம் இல்லை. கரையரிப்பைத் தடுக்க அரசே கடலடியிலிருந்து மணலை வாரிக் கொட்டும் இடங்களிலும் அப்படித்தான், பழைய அடுக்கு ஒரேயடியாக எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

வெட்டு திறந்திருக்கும் காலமும் குறைவு. 2022 நவம்பரில் நிக்கோல் புயலை ஒட்டி டேடோனா பீச் ஷோர்ஸ் கரையில் ஒரு பழைய மரக் கப்பலின் சட்டங்கள் மணலுக்கு வெளியே வந்தன. தொல்லியலாளர்கள் அளந்து பார்த்துவிட்டு, எடுக்காமல் அப்படியே விட்டார்கள். மணல் மறுபடி மூடுவதுதான் அந்த மரத்துக்குப் பாதுகாப்பு.

உப்பும் கருமணலும் கருவியை ஏமாற்றுவது

மணல் நகர்வு பொருளை மட்டும் இடம் மாற்றுவதில்லை, கருவி கேட்கும் பின்னணியையும் மாற்றுகிறது. உப்புநீர் மின்சாரம் கடத்தும். நனைந்த மணல் முழுதும் டிடெக்டருக்கு ஒரு மெல்லிய உலோகத் தகடு மாதிரித்தான் தெரியும். உலர்ந்த மணலில் சரியாக அமைத்த கருவி, ஈரக் கோட்டைத் தாண்டியதும் கத்த ஆரம்பிப்பது இதனால். ஓதம், அதாவது அன்றாடம் ஏறி இறங்கும் கடல்மட்டம், இறங்கிய பிறகும் மணலுக்குள் இருக்கும் நீர் உடனே வடிவதில்லை, மெதுவாகக் கசியும். அரை மணி நேரத்துக்கு முன்னால் செய்த சரிசெய்தல் இப்போது செல்லாது. அலை விட்டுப்போன வரிவரியான மேடுபள்ளத்தின் மேல் சுருள் ஆடும்போது உயரம் மாறுவதும் பொய்ச் சத்தம் தரும்.

இன்னொரு தொல்லை கருமணல். புயல் லேசான குவார்ட்ஸ் மணலை அள்ளிக்கொண்டு போனதும் கனமான தாதுக்கள் கறுப்புப் பட்டையாகக் கரையில் மிஞ்சும்: இல்மனைட், கார்னெட், மேக்னடைட். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் இந்தத் தாதுக்களைப் பிரித்தெடுப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. மேக்னடைட் காந்தத்தன்மை உள்ளது. அதன் பட்டையின் மேல் கருவி நிலைகொள்ளாமல் தவிக்கும், ஆழமும் குறையும். தங்கம் தங்க வாய்ப்புள்ள இடமும் அதுதான், கருவி மோசமாக வேலை செய்யும் இடமும் அதுதான்.

இதற்குத் தீர்வாகப் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் பார்க்கும் கருவிகளும், துடிப்பு முறைக் கருவிகளும் வந்தன. துடிப்பு முறையில் கருவி ஒரு கணம் புலத்தை அனுப்பி நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்துக் கேட்கிறது. உப்புநீரில் எழுந்த மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தில் எழுந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் மெல்லிய தங்கச் சங்கிலியின் மின்னோட்டமும் உப்புநீரைப் போலவே சட்டென்று அடங்கிவிடுவதால், உப்பைத் தள்ளும்போது அதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. துருப்பிடித்த ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதிலும் இம்முறை அவ்வளவு கெட்டியல்ல.

நம் நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல். 1992க்குப் பிறகு வந்த ஒரு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை ஒதுக்கிவிடு என்று கருவியில் அமைத்துவிட்டு நடந்தால் சில்லறையும் சேர்ந்து ஒதுங்கிவிடும்.

நம் கரைகளில் இதன் பொருள்

1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தபோது வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அங்கே மறிக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரிபட்டது. ஒரு காலத்தில் கடல், இன்றைய காமராஜர் சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படியென்றால் அக்காலத்து மனிதர் அலையோரத்தில் தொலைத்த நாணயம் இப்போது எங்கே இருக்கும்? சாலைக்கு அருகே, பல அடி மணலுக்கு அடியில். இன்று அலை மோதும் இடத்தில் தேடுகிறவருக்கு அகப்படுவது சமீப காலத்தில் தொலைந்தது மட்டுமே. வளரும் கரை பழசை மூடிக்கொண்டே போகும்.

உப்பாடா இதற்கு நேர்மாறு. ஆண்டுக்காண்டு கடல் உள்ளே வரும் ஊர் அது. காக்கிநாடாவிலிருந்து வரும் கடற்கரைச் சாலை பலமுறை உடைந்திருக்கிறது. வீடுகளும் கோயில்களும் கடலுக்குள் போயின என்று ஊரார் சொல்கிறார்கள். கட்டடத்துக்கு அடித்தளம் போடும்போது பொன் துணுக்கு வைக்கும் வழக்கம் உள்ள நாட்டில், அரிக்கும் கரையில் குண்டுமணித் தங்கம் கிடைப்பதற்குக் கடலடிப் புதையல் எதுவும் தேவையில்லை. ஊர் கரைந்தது, மண் போனது, கனமானது மட்டும் தங்கியது. நிவர் அதன் மேலிருந்த மணலைத் தள்ளியது.

2004 சுனாமியும் இதையே பெரிய அளவில் காட்டியது. மாமல்லபுரத்துக் கரையில் மணலில் புதைந்திருந்த பாறைச் சிற்பங்கள் வெளியே வந்தன. அருகே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் புதிதாகத் தெரிந்த கல்வெட்டு கொடுத்த துப்பை வைத்து, 2005இல் தொல்லியல் துறை தோண்டியபோது பழமையான முருகன் கோயில் கிடைத்தது.

கரையில் கவனிக்க வேண்டியவை

1. மணல்மட்டம். படிக்கட்டு, தூண்டில் வளைவின் (கரையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்) கற்கள், விளக்குக் கம்பத்தின் அடி என்று நகராத ஒன்றைக் குறித்துக்கொண்டு, மணல் அதில் எதுவரை இருக்கிறது என்று பார்த்து வந்தால் போதும். வழக்கமாகத் தெரியாத கல்வரிசை தெரிந்தால் அன்று போகலாம்.

2. தூண்டில் வளைவின் எந்தப் பக்கம் என்பது. ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். பருவம் மாறும்போது பக்கமும் ஓரளவு மாறும்.

3. காலின் அடி. கால் புதையும் பொதபொத மணல் புதிதாக ஏறியது. கெட்டியாக, சிப்பித் தூளும் கூழாங்கல்லும் தெரியும் தரையே பழைய அடுக்குக்கு அருகில் இருக்கிறது.

4. ஓதம். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் 12 மீட்டருக்கு மேல் கடல் இறங்கி ஏறும். அங்கே தாழ் ஓதத்தில் வெகுதூரம் நடந்து தேடலாம். சென்னையில் வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், கிடைக்கும் ஈரப் பட்டை குறுகலானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சற்றுக் கூடுதலாக அகலும். புதிதாக வெட்டுப்பட்ட கரைச் சுவரின் அடியில் குனிந்து தோண்டக் கூடாது. அது எச்சரிக்காமல் சரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்து ரூபாய் என்ற அந்த வரம்பு 1878இல் வைத்தது; இன்றைய விலையில் எந்தத் தங்கத் துணுக்கும் அதைத் தாண்டிவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தோண்டுவது தனிக் குற்றம். நேற்று யாரோ கழற்றிவைத்து மறந்த மோதிரம் புதையலே அல்ல. அது அவருடைய பொருள். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.